பேனரில் இல்லாத எண்

கேள்வி: நாகர்கோவில் அருகே குடியிருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்பு. டாக்டராக வேண்டும் என்று ஆசை. பத்தாம் வகுப்புத் தேர்வில் அவள் பள்ளி 94 சதவீதம். நகரிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளி 100 சதவீதம். "உடனே மாற்று" என்கிறார் என் நாத்தனார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், சகோதரி. நாத்தனார் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ரிசல்ட் வந்த மறுநாள் ஊரெங்கும் பேனர் கட்டுகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதை மட்டும் எந்தப் பேனரும் சொல்லாது. 17 பேர் எழுதி ஒருவர் தவறினாலும் 94 சதவீதம்தான். 200 பேர் எழுதி 12 பேர் தவறினாலும் 94 சதவீதம்தான். சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு கணக்குத் தேர்வு எழுதினால் போதும், பள்ளியின் பெயரே மாறிவிடும்.

நூறைப் பற்றி எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. ஒன்பதில் அந்தத் தடை இல்லை. வடிகட்டுகிற பள்ளிகள் அங்கேதான் வடிகட்டுகின்றன. "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை தவறினாலும் பள்ளியின் கணக்கில் ஏறாது. நீங்கள் பார்த்த பள்ளி அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேட்கலாம். கணக்கிலும் அறிவியலிலும் சராசரி மதிப்பெண் என்ன என்றும் கேளுங்கள். 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் தேர்ச்சிக் கணக்கில் ஒன்றுதான்.

இனி முக்கியமான விஷயம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. நம் மாவட்டத்தில் திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம், பல நல்ல பள்ளிகளும்கூட. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நீட் எழுதித் தகுதி பெற்ற பிறகு சான்றிதழைப் பார்த்துத் தலையில் கை வைத்துப் பயனில்லை. பேனரில் தெரியும் 6 சதவீதத்துக்காக இந்த 7.5 சதவீதத்தை விட்டுவிடாதீர்கள்.

உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எனவே நீங்கள் அலைய வேண்டியது பதினொன்றாம் வகுப்புக்குத்தான். உயிரியல் பிரிவு உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளை இப்போதே பார்த்துவையுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். தலைமையாசிரியர் தயங்கினாலும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.