கடல் வத்துற நேரத்தைக் கேட்டுட்டு நடவுங்கோ

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் முள்ளியவளை, வயசு 58. மகள் ஸ்கொட்லாந்தில கேர்கோடி எண்ட ஊரில இருக்கிறா, பிள்ளைப்பேறு பாக்க மே மாசம் போறன், மூண்டு மாசம் நிப்பன். கடற்கரையோடயே நடக்கிற பாதை ஒண்டு வீட்டுக்குக் கிட்ட போகுது மாமி, பகலில நடந்திட்டு வரலாம் எண்டு மருமகன் சொல்றார். எனக்கு வலது முழங்கால் கொஞ்சம் நோகும், இங்கிலீசும் பெரிசா வராது. தனியப் போகலாமோ? அங்க பாக்க என்ன இருக்கு?

பதில்: தாராளமாப் போங்கோ அக்கா. மருமகன் சொன்னது ஃபைஃப் கரையோரப் பாதை, ஃபைஃப் எண்டது கேர்கோடி இருக்கிற பகுதி. 2002இல திறந்தது, பிறகு ரெண்டு பக்கமும் நீட்டி இப்ப மொத்தம் 117 மைல், எங்கட கணக்கில 188 கிலோமீற்றர் வருது. பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் முழுக்க நடக்கச் சொல்லேல்ல, துண்டு துண்டா நடக்கிற ஆக்கள்தான் கனபேர். வழி முழுக்க அடையாளப் பலகை இருக்கு, இங்கிலீசு வாசிக்காட்டியும் அந்த அடையாளத்தையே பாத்துக்கொண்டு போகலாம், கடல் ஒரு பக்கத்தில இருக்குத்தானே, எப்பிடித் துலையப் போறீங்கள்.

முதல் கிழமை வீட்டில இருந்தே தொடங்குங்கோ. கேர்கோடியில ரேவன்ஸ்கிரெய்க் பார்க் எண்டு இருக்கு, அதுக்குப் பக்கத்தில கடலைப் பாத்தபடி ஒரு பழைய கோட்டை, 1460இல கட்டத் தொடங்கினது. பீரங்கிச் சண்டையை மனசில வச்சு ஸ்கொட்லாந்தில கட்டின முதல் கோட்டைகளில அதுவும் ஒண்டு, சுவரின்ட தடிப்பைப் பாத்தாலே விளங்கும். அதைக் கடந்து மெல்ல நடந்தால் டைசாட் துறைமுகம். அங்க கரையில வெள்ளை அடிச்ச பழைய வீடுகள் வரிசையா நிக்கும், அந்த இடத்துக்குப் பேர் பான் ஹா. பான் எண்டால் உப்புக் காய்ச்சின தட்டு. உப்புத்தான் அந்தக் கரையின்ட கதை அக்கா, அதைத் தெரிஞ்சுகொண்டு போனால் நடை வேற மாதிரி இருக்கும்.

நான் தம்பி வீட்டில நிண்ட வருசம் அந்தக் கரையில கொஞ்சம் கொஞ்சமா நடந்தனான். கனக்கப் பாத்தன், ஆனா இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்கிறது செயின்ட் மோனன்ஸ் ஊருக்கு வெளியில இருக்கிற ஒரு குட்டைக் காத்தாலை. கல்லால கட்டினது, புல்லுத்தரையில தனிய நிக்குது. கீழ கரையோட பாத்தால் புல்லு மூடின திட்டி திட்டியா இருக்கும், தெரியாத ஆக்கள் மண்மேடு எண்டு நினைச்சுப் போயிடுவினம். அதெல்லாம் உப்புக் காய்ச்சின கொட்டில்களின்ட அடித்தளம், ஒன்பது கொட்டில் இருந்திருக்கு. 18ஆம் நூற்றாண்டின்ட கடைசிப் பகுதியில காத்தாலை கடல் தண்ணியை மேல இறைச்சு விட, பெரிய இரும்புத் தட்டில ஊத்தி, கீழ நிலக்கரி போட்டு எரிச்சு எரிச்சு வத்த வச்சு உப்பெடுத்தவை. அந்தக் குளிரில வெய்யிலை நம்பி உப்பு விளைவிக்க ஏலாது. ஆனையிறவில வெய்யிலும் காத்தும் சும்மா செய்து தாற வேலையை அங்க நிலக்கரி செய்திருக்கு, அந்த நிலக்கரியும் பக்கத்து மண்ணுக்குள்ள இருந்துதான் வந்தது. நான் அந்தத் திட்டியில குந்தி இருந்து, சின்ன வயசில பஸ்ஸில ஆனையிறவு தாண்டேக்க வெள்ளையாக் குமிச்சு வச்சிருந்த உப்பைத்தான் நினைச்சன், எவ்வளவு நேரம் இருந்தன் எண்டு தெரியேல்ல.

அந்த ஊருக்குப் போக கேர்கோடியில இருந்து லீவன் வரைக்கும் ட்ரெயின் இருக்கு, கனகாலம் மூடிக் கிடந்த பாதை, 2024 ஜூனிலதான் திரும்பத் திறந்தவை. லீவனில இருந்து கரையோர ஊருகளுக்கு பஸ். ஈலியில இறங்கி செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர் எண்டு ஊருக்கு ஊர் நடக்கலாம், ஒவ்வொண்டுக்கும் இடையில ரெண்டரை மூண்டு கிலோமீற்றர்தான், முதல் துண்டு மட்டும் கொஞ்சம் கூட, நாலு வரும். கால் நோக வெளிக்கிட்டால் அடுத்த ஊரில பஸ் எடுத்து வாங்கோ, பிடிவாதம் பிடிக்காதேங்கோ. செயின்ட் மோனன்ஸில கடலுக்கு ஒட்டினாப்போல 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒண்டு, உள்ளுக்க கூரையில இருந்து பாய்க்கப்பல் மாதிரி செய்து தொங்க விட்டிருக்கு. கடலுக்குப் போற சனம் கும்பிடுற இடம் எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை, எங்கட கரையில வளந்த ஆக்களுக்குப் பாத்த உடன விளங்கும். ஆன்ஸ்ட்ரதரில மீன்பிடி மியூசியம் இருக்கு, 1969இல திறந்தது, மழை நாளுக்கு நல்லது. அதுக்கங்கால கிரெயில் எண்ட ஊரில குட்டித் துறைமுகம், நண்டுக்கூடும் சிங்க இறால் கூடும் அடுக்கி வச்சிருப்பினம், எங்கட கூட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு வடிவாப் பாத்து வந்து சொல்லுங்கோ.

ஒரு இடத்துக்கு மட்டும் போகாதேங்கோ. ஈலிக்குப் பக்கத்தில பாறையில சங்கிலி அடிச்சு, அதைப் பிடிச்சு ஏறி இறங்கிப் போற வழி இருக்கு. கடல் வத்தியிருக்கேக்க மட்டும்தான் போகலாம், தண்ணி பெருகினால் பாறைக்கு நடுவில மாட்டுப்பட்டுப் போவீங்கள். முழங்கால் நோகிற ஆளுக்கு அது வேண்டாம், மேல மலைவிளிம்பால வேற பாதை இருக்கு. மற்ற இடங்களிலயும் மணலால நடக்கிறது எண்டால் வத்து எத்தினை மணிக்கு, பெருக்கு எத்தினை மணிக்கு எண்டு மருமகனிட்ட போனில பாத்துத் தரச் சொல்லுங்கோ. அங்க வத்துக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் மீற்றர் கணக்கில, முல்லைத்தீவுக் கடலை நினைச்சுக்கொண்டு நிக்கக்கூடாது.

கேள்வி: மல்லாவியில இருந்து எழுதுறன். படிக்கிறதுக்கு ஸ்கொட்லாந்தில டண்டி எண்ட ஊருக்குப் போறன். இந்த மாதிரி நடைக்கு என்ன கொண்டு போகோணும்? குளிர் தாங்குமோ?

பதில்: தம்பி, குளிரை விட ஈரமும் காத்தும்தான் ஆளை வருத்தும். தண்ணி புகாத மேற்சட்டை ஒண்டும், அடி வழுக்காத சப்பாத்தும் அங்க போய் வாங்கும், இங்க இருந்து சுமக்காதேயும். குடை கொண்டு போனால் கம்பி மட்டும்தான் திரும்பி வரும். வசந்தத்திலயும் கோடைத் தொடக்கத்திலயும் அந்தக் கிழக்குக் கரையில கடலில இருந்து புகார் வந்து மூடும், அங்கத்தைய சனம் அதை ஹார் எண்டு சொல்லுவினம். உள்ளுக்க ஊரில வெய்யில் எறிக்கும், கரையில பத்தடி தெரியாது. அப்பிடி வந்தால் விளிம்பில நடக்காம நிண்டு கொள்ளும். ஜூனில ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில பின்னேரம் நாலுக்கு முன்னமே பொழுது பட்டிடும், அதுக்கேத்த மாதிரி வெளிக்கிடும். நீட்டுப் புல்லுக்குள்ளால போனால் வீட்டுக்கு வந்து காலை வடிவாப் பாரும், உண்ணி ஏறியிருக்கும், அது சில நேரம் வருத்தம் கொண்டு வரும். கையில பாணும் வாழைப்பழமும் போதும்.

கேள்வி: நான் புதுக்குடியிருப்பு. அங்க மற்றாக்களின்ட காணிக்குள்ளால எல்லாம் நடக்க விடுவினமாம், உண்மையோ? எங்கட கரையில அப்பிடி ஒரு பாதை வர ஏலுமோ?

பதில்: உண்மைதான். 2003இல ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒண்டு கொண்டு வந்தது. அதின்படி பொறுப்போட நடக்கிற ஆளுக்கு அனேகமான காணிக்குள்ளால போற உரிமை இருக்கு. வீட்டு வளவுக்குள்ள போகேலாது, பயிரை மிதிக்கேலாது, நாங்கள் திறந்த படலையைத் திருப்பிச் சாத்தோணும், கன்று போட்ட மாட்டுக்குக் கிட்ட போகக்கூடாது. நான் முதல் முதல் ஒரு தோட்டக்காணிப் படலையைத் திறக்கேக்க கை நடுங்கிப் போச்சு. எங்கட ஆக்களுக்கு விளங்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பாத்து வளந்த நாங்கள், பாதையை விட்டுக் காலை அங்கால வைக்காதே எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லி வளத்த நாங்கள். இன்னொண்டும் சொல்லோணும், வன்னிக் காணியளில மிதிவெடி எடுக்கிற ஹலோ டிரஸ்டின்ட தலைமையகமும் ஸ்கொட்லாந்திலதான் இருக்கு, தென்மேற்கில டம்ஃபிரீஸ் பக்கம். எங்கட சனம் திரும்பிப் போய்க் கால் வச்ச காணியளுக்கும் அந்த நாட்டுக்கும் அப்பிடி ஒரு தொடர்பு இருக்கு.

எங்கட கரையில பாதை வருமோ எண்டு கேட்டால், பாதை ஏற்கனவே இருக்கு எண்டுதான் சொல்லுவன். செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் முல்லைத்தீவுக் கரையாலதானே போறவை, அது எத்தினை தலைமுறையா நடந்த பாதை. ஃபைஃபிலயும் பழைய யாத்திரை வழியை நினைச்சு 2019இல 64 மைல் பாதை ஒண்டு திறந்தவை, கூரொஸிலயும் நோர்த் குயின்ஸ்ஃபெரியிலயும் தொடங்கி செயின்ட் ஆண்ட்ரூஸில முடியுது. அங்க யாத்திரை நிண்டு போய் சில நூறு வருசம், இருந்தும் தேடி எடுத்து அடையாளம் போட்டிருக்கினம். எங்கட யாத்திரை இப்பவும் உயிரோட இருக்கு, நடுவில போரால நிண்ட வருசங்களைத் தாண்டியும் திரும்ப நடக்குது, ஆனா வழியில எங்க தண்ணி, எங்க நிழல், இது என்ன இடம் எண்டு சொல்ல ஒரு பலகை இல்லை. எனக்கு இது பெரிய மனவருத்தம். காசு இல்லை எண்டு சொல்லுவினம், செயின்ட் மோனன்ஸில அந்தப் புல்லுத் திட்டிக்கு முன்னால நிக்கிறது ஒரு பலகைதான், அதில கொஞ்ச எழுத்தும் ஒரு படமும். அதுக்கு எவ்வளவு காசு முடியும்?

உம்மட கேள்விக்கு என்ட பதில், பலகைக்கு முதல் எழுத்து வேணும். நீரும் கூட்டாளிமாரும் ஒரு துண்டை எடுங்கோ. நான் எண்டால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரிக்க முல்லைத்தீவுக் கடலில தீர்த்தம் எடுத்து வாற வழியை எடுப்பன். எந்த ஒழுங்கையால வருகினம், எங்க நிண்டு இளைப்பாறுகினம், எந்த வீட்டில மோர் குடுக்கிறவை, இடம்பெயர்ந்த வருசங்களில என்ன செய்தவை, இதெல்லாம் தெரிஞ்ச கிழவன் கிழவியள் இப்பவும் முள்ளியவளையில இருக்கினம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து போய்க் கேளுங்கோ, மோட்டச்சைக்கிளில போகாதேங்கோ, அதில போனால் பாதி இடம் கண்ணில படாது. எழுதினதை எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பும், இந்தப் பக்கத்தில போடுவம்.