நாலு பறவை வாங்கினேன், ஆடவிட மாட்டோம் என்கிறார்கள்

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். 'மெஜிக்: த கெதரிங்' கார்ட் விளையாட்டு இப்போதுதான் பழகுகிறேன். பேஸ்புக்கில் ஒருவர் 'நாடு, விங்ட் விஸ்டம்' என்ற கார்டை விற்பதாகப் போட்டிருந்தார். "புரோ டூர் என்ற பெரிய போட்டியை வென்ற கார்ட், மோடர்ன் என்ற ஆட்ட வகையில் இதைப் போல கொம்போ (கார்ட் கூட்டு) இல்லை" என்றார். டியூஷன் கொடுத்துச் சேர்த்த 14,000 ரூபாயை அவர் கணக்கில் போட்டு நாலு கார்ட் வாங்கினேன். சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஆடப் போனால், மோடர்னிலும் கமாண்டர் என்ற இன்னோர் ஆட்ட வகையிலும் இதற்குத் தடை என்கிறார்கள். விற்றவரோ "ஒரிஜினல் கார்ட்தானே தந்தேன், பிறகென்ன" என்கிறார். காசு திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அவர் பெரிதாகப் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார்.

பெயர் நம் காதுக்கு 'நாடு' என்று கேட்டாலும் அது ஒரு பறவை. 2024 ஜூனில் வந்த 'மோடர்ன் ஹொரைசன்ஸ் 3' தொகுதியில் வெளியானது. அந்த மாதக் கடைசியிலேயே அம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூரை இந்தக் கார்ட் வைத்த டெக்தான் (கார்ட் கட்டு) வென்றது. ஓகஸ்ட் 26ஆம் திகதி மோடர்னில் தடை. செப்டம்பர் 23இல் கமாண்டரிலும் தடை.

ஏன் அவ்வளவு பலம்? களத்திலுள்ள உங்கள் உயிரிக் கார்ட் எதையாவது ஒரு மந்திரக் கார்டோ, இன்னொரு கார்டின் திறனோ குறிவைத்தால், உங்கள் கட்டின் மேல் கார்டைத் திருப்பலாம். அது நிலக் கார்ட் என்றால் களத்துக்கு, வேறென்றால் கைக்கு. ஒருவர் ஆடும் ஒரு முறைக்கு (டேர்ன்) இரண்டு தடவைதான் என்ற எல்லை உண்டு. ஆனால் அந்த இரண்டு, ஒவ்வோர் உயிரிக்கும் தனித்தனி இரண்டு! 'ஷூக்கோ' என்ற பழைய ஆயுதக் கார்டை மாட்டச் செலவு பூச்சியம், மாட்டுவதும் குறிவைப்பதுதான். அதை இந்த உயிரிக்கு மாட்டு, கார்ட் எடு. அந்த உயிரிக்கு மாட்டு, கார்ட் எடு. பக்கத்தில் 'ஸ்பிரிங்ஹார்ட் நன்டுக்கோ' என்ற கார்ட் இருந்தால், நிலம் விழும்போதெல்லாம் ஒரு புதுப் பூச்சி உயிரி வரும், அதற்கும் இரண்டு தடவை. எதிரில் இருப்பவர் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாலும் உங்கள் முறை முடிந்திருக்காது. கமாண்டருக்குப் பொருந்தட்டும் என்று கடைசி நேரத்தில் கார்டின் வாசகத்தை மாற்றி, ஆடிப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டதாக அதை வடிவமைத்தவரே பிறகு எழுதினார். கடைசியில் அந்தக் கமாண்டரிலும் இடமில்லாமல் போயிற்று.

ஆக, நீங்கள் காசு கொடுத்தது கார்டுக்கு மட்டுமல்ல, அதை மேசையில் வைக்கும் அனுமதிக்கும். அந்த அனுமதி, விளையாட்டை நடத்தும் கம்பனி வெளியிடும் தடைப் பட்டியலைப் பொறுத்தது. அதே செப்டம்பர் 23இல் 'மானா கிரிப்ட்', 'ஜுவல்ட் லோட்டஸ்' என்ற விலை கூடிய கார்டுகளும் கமாண்டரில் தடையாகி, வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். வாங்கிய பிறகு தடை வந்தால் அது உங்கள் நட்டம். உங்கள் விஷயம் அப்படியல்ல, தடை வந்த பிறகுதான் விற்றிருக்கிறார்.

இனிக் காசு விஷயம். அவர் கார்ட் விற்பதையே வியாபாரமாகச் செய்பவரா என்று முதலில் பாருங்கள். அவருடைய பக்கத்தில் வாராவாரம் விற்பனைப் பதிவு இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் உங்களுக்கு உதவும். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை வர்த்தகருக்கு அதன் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். விபரம் கேட்க 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், மெசேஜ்கள், வங்கிச் சீட்டு மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். பதிவை அவர் அழித்துவிட்டால் வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

தன்னிடம் கிடந்ததை ஒரு தடவை விற்ற ஆள் என்றால் அதிகார சபையிடம் போய்ப் பெரிய பலனில்லை. "மோடர்னில் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று அந்த வரியைக் காட்டிப் பேசுங்கள். என்னைக் கேட்டால், பாதிக் காசு தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொள்வேன். இன்னொரு புதுப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். தடை ஒருநாள் நீங்கலாம். 2016இல் தடையான 'ஸ்பிளின்டர் ட்வின்' 2024 டிசம்பரில்தான் மோடர்னுக்குத் திரும்பியது. அதை நம்பிக் கார்டை அலுமாரியில் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் சிநேகிதர்கள் ஒத்துக்கொண்டால் ஆடுங்கள், ஒரு முறைக்கு இத்தனை நிமிடம் என்று பேசிக்கொண்டு.

கேள்வி: மகள் இதே விளையாட்டுக் கார்ட் கேட்கிறாள். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– தாய், தெஹிவளை

பதில்: செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிறாரே, அந்தச் சின்னக் கண்ணாடி போதும். கார்டின் பின்பக்கத்திலுள்ள பச்சை வட்டத்தைப் பாருங்கள். ஒரிஜினலில் அதற்குள் 'எல்' வடிவில் நாலு சிவப்புப் புள்ளிகள் தெரியும். முன்பக்க எழுத்துகள் புள்ளி புள்ளியாக இல்லாமல் அடர்ந்த கறுப்பாக இருக்க வேண்டும். 2014இலிருந்து வரும் பெரும்பாலான 'ரெயார்' (அரிய) கார்டுகளின் அடியில் மினுங்கும் முட்டை வடிவ முத்திரை இருக்கும். வளைத்துப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். மடிப்பு விழுந்தால் ஒரிஜினலுக்கும் பாதி விலைதான்.