லேகியம் இறுகிப் போச்சே!

கேள்வி: மகளுக்குச் சுகப்பிரசவமாகி 12 நாள் ஆகிறது. வீட்டிலேயே பிரசவ லேகியம் கிளறினேன். நான்கே நாளில் ஸ்பூன் இறங்காத அளவு இறுகிவிட்டது, கசப்பும் தட்டுகிறது. கொட்டிவிடலாமா? பத்தியம் என்று தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறார் சம்பந்தியம்மா. சரியா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இறுகியதற்காகக் கொட்ட வேண்டாம். பாகு முற்றிவிட்டது, அவ்வளவுதான். லேகியத்துக்குக் கம்பிப் பதம் வரை போகவே கூடாது. கருப்பட்டி மூழ்கத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிட்டு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்போதே பொடியைத் தூவிவிட வேண்டும். பொடி ஈரத்தை இழுக்கும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும். இப்போது இருப்பதை உடைத்து, கால் டம்ளர் வெந்நீர் விட்டு, சின்னத் தீயில் இளக்குங்கள். 2 ஸ்பூன் நெய் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கிவிடலாம்.

கசப்பு வேறு கதை. ஓமமோ திப்பிலியோ வறுக்கும்போது கருகியிருக்கும். நன்றாகக் கசந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை, புதிதாகத்தான் கிளற வேண்டும். சுக்கு 50 கிராம் (மேல்தோலைச் சுரண்டிவிடுங்கள்), மிளகு, ஓமம், சீரகம் தலா 25, அரிசித் திப்பிலி 15, கண்டந்திப்பிலி, சித்தரத்தை தலா 10. தனித்தனியாக, கை பொறுக்கும் சூட்டில் வறுத்து அரைத்துச் சலியுங்கள். சலிக்காவிட்டால் திப்பி தொண்டையில் உறுத்தும். இதற்குக் கருப்பட்டி 320 கிராம், நெய் 100 மில்லி, நல்லெண்ணெய் 50 மில்லி. தேன் விடுவதானால் முழுக்க ஆறிய பிறகு. ஈர ஸ்பூன் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

காலையில் சின்ன நெல்லிக்காய் அளவு போதும். வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். தேன் சேர்த்த லேகியத்தைக் குழந்தையின் நாக்கில் தடவவே வேண்டாம். 1 வயது வரை தேன் ஆகாது. மகளுக்குச் சர்க்கரை இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான். வெறும் பொடியைச் சிட்டிகை அளவு சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து கொடுக்கலாம்.

தண்ணீரைக் குறைப்பது தவறு. மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிஞ்சும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் வெந்நீரோ சீரகத் தண்ணீரோ பக்கத்தில் இருக்கட்டும். பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை எதையும் பத்தியத்தின் பேரில் நிறுத்தாதீர்கள். லேகியம் சாப்பிடுகிறாளே என்று இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் அது வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் உதிரப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.