கேள்வி நேரம்: படகு படியிறங்கும்போது

கேள்வி: பிரான்ஸில் தம்பி பழைய சரக்குப் படகொன்றில் குடியிருக்கிறான். லொக்கில் இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஆபத்தாம். வாவியில் தோணியை இறுக்கித்தானே கட்டுகிறோம்? – வாசகர், கல்லடி

பதில்: வாவியில் தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல வடியும். லொக் என்பது கால்வாயின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையே படகை ஏற்றி இறக்கும், இரு கதவுகளுக்கு இடைப்பட்ட தொட்டி. அதில் சில நிமிடங்களில் தண்ணீர் மீற்றர் கணக்கில் இறங்கும். இறுக்கிக் கட்டிய படகு கயிற்றில் தொங்கும். கயிறு அறும், அல்லது கட்டை பெயரும். ஆகவே கரையிலுள்ள கட்டையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சே கூடாது. கையில் கயிற்றைச் சுற்றுவதும் கூடாது, விரல் போய்விடும்.

கயிற்றைவிடப் பயங்கரம் மேற்கதவின் அடியிலுள்ள கல் வாசற்படி. தொட்டி நிறைந்திருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கம் அதன்மேல் குந்திவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து படகுக்குள் தண்ணீர் புகும். உடனே கீழ்க்கதவின் மதகுகளை மூடி, மேல்மதகை மெல்லத் திறக்க வேண்டும்.

தம்பியுடையது அங்குள்ள சிறு கால்வாய்களுக்கான முழு அளவுப் படகென்றால் 38.5 மீற்றர் நீளம், 5.05 மீற்றர் அகலம் இருக்கும். லொக்கின் அகலமோ 5.20தான். பக்கத்துக்கு ஏழரைச் சென்ரிமீற்றர்!