என்ன காய்ச்சல் இது? – வெப்பமண்டலத் தொற்றுநோய்கள் பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலத் தொற்றுநோய்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. டிட்ரெக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டிங்கி போன்று கொசுவால் பரவும் வைரஸ்கள் குறித்து உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் மையம் அது. இப்படிப்பட்ட ஆய்வகங்களில் என்ன நடக்கிறது, அதனால் நமக்கு என்ன பயன் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஆய்வகத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து எவ்வளவு சாப்பிடலாம் என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கிள்ளானிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். முதல் நாளே டிங்கி சோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. இனிப் பயமில்லைதானே?

அக்கா, பயப்பட வேண்டாம், ஆனால் இன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். டிங்கி பல நேரம் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தான கட்டத்துக்குப் போகும். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும், ரத்தம் கெட்டியாகும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்துபோய்ப் படுத்தே கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் டிங்கியே இல்லை என்று ஆகிவிடாது. முதல் சில நாட்களில் வைரஸின் என்எஸ்1 என்ற புரதத்தைத் தேடுவோம். உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் நான்கு, ஐந்து நாளுக்குப் பிறகுதான் கண்ணில் படும். ஏற்கெனவே ஒருமுறை டிங்கி வந்தவருக்கு என்எஸ்1 சோதனை தவறவும் வாய்ப்பு அதிகம். அதனால் காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தேதி தெரியாவிட்டால் ஆய்வக முடிவைச் சரியாகப் படிக்க முடியாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

செந்தூலிலிருந்து: பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏறுமாமே?

எண்ணிக்கை கொஞ்சம் ஏறியதாகச் சில ஆய்வுகள் உண்டு, மலேசியாவிலும் செய்திருக்கிறார்கள். ஆனால் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, நான் மேலே சொன்ன நீர்க்கசிவு. அதைச் சாறு நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாறு குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை.

ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியர்: நிப்பா வைரஸ் நம் ஊர்ப் பக்கம்தான் தொடங்கியது என்று மாணவர்களிடம் சொன்னேன், நம்ப மறுக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்ல முடியுமா?

நீங்கள் சொன்னது உண்மைதான், சார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். அது கொசுவால் பரவும் நோய், பன்றிகளின் உடலிலும் அந்த வைரஸ் பெருகும், அதனால் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை வாங்கி விற்ற வழியில் நெகிரி செம்பிலான் வரை வந்துவிட்டது.

கணக்கு எங்கோ இடித்துக்கொண்டே இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ நல்ல உழைப்பாளிகளான பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. கொசு வீடு பார்த்துக் கடிக்காது. ஆனால் பன்றியோடு தொடர்பில்லாத அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களுக்கு வரவில்லை. பண்ணைகளில் பன்றிகளும் உரக்க இருமிக்கொண்டிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பன்றிக்கு இருமலைத் தராது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங், இறந்த நோயாளிகளின் தண்டுவட நீரை வளர்ப்புச் செல்களில் விட்டுப் பார்த்தார். சில நாளில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வைரஸின் உருவம் வேறு குடும்பத்தைக் காட்டியது. 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளிடமிருந்து மனிதருக்கு வந்த ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு. மாதிரி கொடுத்த நோயாளியின் ஊரான கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரே வைரஸுக்கும் ஆனது.

எதிரி கொசு இல்லை, பன்றி வழியாக வருகிறது என்று தெரிந்ததும் எல்லாம் மாறியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. ஆனால் அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து, 105 பேர் இறந்துவிட்டார்கள். பண்ணைத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் நொடித்துப்போயின. இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் மறந்துவிடக் கூடாது.

வைரஸ் பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் விடாமல் தேடினார்கள். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தையும் துடைத்து எடுத்தார்கள். இரண்டிலும் நிப்பா கிடைத்தது. முதலில் நோய் கண்ட பண்ணையில் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் இருந்தன. அந்த மரங்களுக்கு வந்த வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்தையும் எச்சத்தையும் பன்றிகள் தின்றிருக்க வேண்டும். உங்கள் மாணவர்களிடம் இந்த மாமரத்தைச் சொல்லுங்கள், நம்புவார்கள்.

கூலிமிலிருந்து: அப்படியானால் வௌவால்களை ஒழித்துவிடலாமே?

கூடாது. டுரியான் பூவில் மகரந்தம் சேர்க்கும் வேலையில் வௌவால்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விரட்டினால் அவை வேறு ஊருக்குப் போகும், வைரஸும் கூடவே போகும். கடித்த தடம் உள்ள பழத்தைத் தின்னாதீர்கள், கால்நடைக் கொட்டகைக்கு மேல் பழமரம் வளர்க்காதீர்கள், அது போதும்.

பந்திங்கிலிருந்து ஒரு விவசாயி: எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. மழைக்காலத்தில் காலில் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்குவேன். மண்ணிலிருந்து ஏதோ நோய் வரும் என்று மகள் திட்டுகிறாள்.

மகள் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய். அதன் கிருமி நம் ஊர் ஈரமண்ணிலேயே வாழ்கிறது. காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் நுழையும், பலத்த மழையின்போது மூச்சு வழியாகவும் போகும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் வீழ்த்துகிறது. மலேசியாவில் நம் இந்தியர்களிடையே இனிப்பு நீர் அதிகம் என்பதால் நம் ஆட்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2010-ல் பகாங் மாநிலம் லுபுக் யூ நீர்ச்சுனையில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களில் சிலருக்கு இந்த நோய் வந்தது. அவர்களில் சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எட்டு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இனிப்பு நீர் உள்ளவர்கள்.

இதைப் பிடிப்பது ஆய்வகத்துக்கே சவால். சாதாரண நிமோனியா மாதிரி வரும், காசநோய் மாதிரியும் வரும், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாகவும் வரும். ரத்தத்தை வளர்ப்புக் குப்பியில் வைத்து, கிருமி வளர்ந்தால் அதற்கென்றே உள்ள ஆஷ்டவுன் ஊடகத் தட்டில் தேய்த்து வைப்போம். இரண்டு, மூன்று நாளில் ஊதா நிறத்தில், காய்ந்த பூ போலச் சுருங்கிய திட்டுகள் தெரியும். அனுபவமில்லாதவர் இதை ஏதோ தூசுக் கிருமி என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிடக்கூடும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகள் இதற்கு வேலை செய்யாது. செஃப்டாசிடைம் போன்ற மருந்தை ஊசியாகப் போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். அதனால் காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனால் “எனக்கு இனிப்பு நீர் உண்டு, தினமும் மண்ணில் வேலை செய்கிறேன்” என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடுங்கள், பெரிய மழை நாளில் தோட்டம் வேண்டாம்.

சரவாக்கில் வேலை செய்யும் இளைஞர்: மலேசியாவில் மலேரியா ஒழிந்துவிட்டது என்கிறார்கள். என்னோடு காட்டில் வேலை செய்தவருக்கு மலேரியா என்று மருத்துவமனையில் படுக்க வைத்திருக்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை தம்பி. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுபோகும் மலேரியா 2018-லிருந்து உள்நாட்டில் பதிவாகவில்லை. உங்கள் நண்பருக்கு வந்திருப்பது பெரும்பாலும் குரங்கு மலேரியா, நோலெஸி என்ற ஒட்டுண்ணி. காட்டில் குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் வரும்.

இதைக் கண்டுகொண்டதும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம்தான். சரவாக் பல்கலைக்கழகத்தில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் கப்பிட் பகுதி நோயாளிகளின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதுவரை 'மலேரியே' என்ற சாதுவான வகை என்றே எழுதிவந்தார்கள், இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். சோதித்த 208 பேரில் 120 பேருக்கு இருந்தது நோலெஸி. 2004-ல் அதை வெளியிட்டார்கள். நோலெஸி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதனால் நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. சீக்கிரம் மருந்து கொடுத்தால் நன்றாகக் குணமாகும். காய்ச்சல் வந்தால் காட்டில் வேலை என்பதைச் சொல்லுங்கள். இரவு தங்கினால் கொசுவலை கட்டுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெரியவர்: எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்தில் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்களாம். யார் நிறுத்தினார்கள்?

மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-ல் கிள்ளானுக்கு வந்து சதுப்பு நிலத்து நீரை வடித்தார், மலேரியா குறைந்தது. அதையே மலைத் தோட்டங்களில் செய்தபோது நோய் கூடியது. காட்டை வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகியதுதான் காரணம். அங்கே ஓடையை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார், தண்ணீரில் எண்ணெய் தெளித்தார். எந்தக் கொசு என்று தெரிந்தபிறகே மருந்து என்ற பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் நம் தோட்டங்களும் ஒன்று. லயங்களில் செத்த நம் மக்களின் பெயர்கள்தான் எங்கும் எழுதப்படவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

ஷா ஆலமிலிருந்து: கொசுவையே நல்ல கொசுவாக மாற்றி விடுகிறார்களாமே?

ஆமாம். டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அதன் உடலில் டிங்கி வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வால்பேக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுக்களைச் சிலாங்கூரில் விட்டுப் பார்த்தார்கள். விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. அதற்காக வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தண்ணீரை விட்டுவைக்காதீர்கள்.

பினாங்கிலிருந்து எஸ்பிஎம் எழுதும் மாணவி: இந்த ஆய்வகங்களில் வேலைக்குச் சேர மருத்துவம்தான் படிக்க வேண்டுமா?

இல்லை அம்மா. உயிர்மருத்துவ அறிவியல், நுண்ணுயிரியல், கால்நடை மருத்துவம், பூச்சியியல், புள்ளியியல், எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு. எஸ்பிஎம்மில் உயிரியலும் வேதியியலும் நன்றாகச் செய்யுங்கள். ஆபத்தான கிருமிகளைக் கையாளும் மூன்றாம் நிலை ஆய்வகத்துக்குள் முதல் நாளே விட மாட்டார்கள். உள்ளே காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கியே போகும், வெளியேறும் காற்று வடிகட்டப்பட்டுத்தான் போகும். உடை மாற்றுவது, கையுறையைக் கழற்றுவது என்று நீண்ட பயிற்சி முடிந்த பிறகே சாவி கையில் வரும். பல்கலைக்கழகங்கள் திறந்த நாள் நடத்துவது உண்டு, விசாரித்து ஒருமுறை அப்பா அம்மாவோடு போய்ப் பாருங்கள்.