செயூஸ் பயணம்: 60 மீட்டர் கயிறு போதுமா?

ஜூலையில் நண்பரோடு பாறை ஏறுவதற்குப் பிரான்சின் செயூஸ் மலைப் பாறைக்குப் போகிறோம், இருவரும் 6பி (ஏறும் வழியின் கடினத்தைச் சொல்லும் தரம்) வரை லீட் (கயிற்றைக் கீழிருந்து தானே கொண்டுபோய் மாட்டிக்கொண்டே) ஏறுவோம், 60 மீட்டர் கயிறு போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. ஏறியவரைக் கயிற்றில் கீழே இறக்கிவிடும்போது ஏறிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு கயிறு வேண்டும். 35 மீட்டர் வழி என்றால் 70 மீட்டர் சரியாகப் போய்விடும். அங்கே நீளமான வழிகள் நிறைய. 80 மீட்டர் வாங்குங்கள். எந்தக் கயிறானாலும் பிலே செய்பவர் (கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர்) பக்கத்து நுனியில் முடிச்சுப் போடாமல் ஏறவே கூடாது. இதில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன்.

அடுத்து போல்ட்டுகள், அதாவது கயிற்றை மாட்டப் பாறையில் பதித்திருக்கும் ஆணிகள். பாறையேற்ற ஜிம்மில் இருப்பதுபோல் நெருக்கமாக இருக்காது. முதல் போல்ட்டே சில இடங்களில் உயரத்தில் இருக்கும். தரையில் நின்றே அதில் கயிற்றை மாட்டும் நீளக் கோலான ஸ்டிக் கிளிப் கொண்டுபோங்கள். முதல் இரண்டு நாள் 6பியைவிட எளிதான 5சி, 6ஏ வழிகளிலேயே ஏறி, அந்த இடைவெளி மனசுக்குப் பழகட்டும். 2001இல் அமெரிக்கப் பாறையேற்ற வீரர் கிறிஸ் ஷர்மா ஏறிய பயோகிராஃபி என்ற மிகக் கடினமான வழியை அடியில் நின்று பாருங்கள், அதுவே பெரிய சந்தோஷம்.

முகாமிலிருந்து பாறைக்குச் செங்குத்தாக ஒரு மணி நேர நடை. தண்ணீரைச் சுமந்தே போக வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டராவது. தெற்கு பார்த்த பகுதிகள் ஜூலை வெயிலில் கொதிக்கும். மேற்குப் பக்கம் காலையில் நிழலாக இருக்கும், அங்கே தொடங்குங்கள்.

மதியத்துக்கு மேல் இடி வரலாம். மேகம் திரண்டால் பாதி வழியில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள். பாறைக் குடைவுக்குள் ஒதுங்காதீர்கள், மின்னல் அந்த வழியாகவும் பாயும். அவசரத்துக்கு 112.