திரும்பி வந்த ரத்தப் புற்று: கேட்டவர்களுக்கு என் பதில்

ரத்தப் புற்று வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: அக்கா, தம்பிக்கு ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்று திரும்ப வந்துவிட்டது. கீமோ இல்லை, ஆர்செனிக் என்கிறார்கள். அது எப்படிக் குணமாக்கும்?

இந்த நோயில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்டு ஒரு தப்பான புரதம் உண்டாகிறது. அது வெள்ளணுவை முற்ற விடாது. பிஞ்சாகவே மஜ்ஜையில் குவியும். வைட்டமின் ஏ வகையான அட்ரா மாத்திரையும் ஆர்செனிக்கும் அந்தப் புரதத்தைச் சிதைக்கும். பிஞ்சு முற்றி, ஆயுள் முடிந்து உதிரும். 1985இல் ஷாங்காயில் டாக்டர் வாங் ஜென்யி ஒரு குழந்தைக்கு அட்ரா கொடுத்தார். அங்கேதான் வழி திறந்தது. திரும்பி வந்த ஏ.பி.எல்.லுக்கு ஆர்செனிக்கை 2000இல் அமெரிக்கா அனுமதித்தது. நோயின் மிச்சத்தைத் தேடும் பி.சி.ஆர். சோதனை நெகட்டிவ் ஆனதும், தம்பியுடைய ஸ்டெம் செல்லையே (ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்) எடுத்துத் திரும்பச் செலுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குலசேகரத்திலிருந்து: அது வெள்ளைப் பாஷாணம்தானே? வைத்தியரிடம் வாங்கிக் கொடுத்தால் என்ன?

பொருள் ஒன்றுதான். ஆனால் வேண்டாம், தயவுசெய்து. எங்கள் ஊர் ஆசான் கட்டித்தான் அப்பாவின் முறிந்த கை கூடியது. அந்த மரியாதை எனக்கு உண்டு. இது வேறு. உடல் எடைக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து, டிரிப்பில் மெதுவாக ஏற்றுவது. இது ஏறும்போது ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தாலே இதயத் துடிப்பு தடம் மாறலாம். அதற்காகத்தான் அடிக்கடி ஈ.சி.ஜி.

குளச்சலிலிருந்து: அம்மா அட்ரா தொடங்கிப் பத்து நாள். லேசான காய்ச்சல். ஆனால் 2 நாளில் 3 கிலோ ஏறியிருக்கிறது. சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறதா?

இல்லை மக்ளே, அது நீர். இதைப் படித்ததும் கிளம்புங்கள். செல்கள் ஒரேயடியாக முற்றும்போது ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரலில் நீர் சேரலாம், உயிருக்கே ஆபத்து. ஒரு அம்மாவுக்கு மெட்டி விரலில் இறுகிப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுகொண்டோம். சந்தேகம் வந்தாலே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்குவார்கள், எல்லா ரிசல்ட்டும் வரட்டும் என்று இருக்கமாட்டார்கள். உங்களுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான் பக்கம் என்றால் அங்கேயே போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே "அட்ரா சாப்பிடுகிறார், மூச்சைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

தோவாளையிலிருந்து: அண்ணனுக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்று, அதில் ஏ.பி.எல். வகை இல்லை. இப்படி மருந்து உண்டா?

சிலருக்கு உண்டு. ஐ.டி.எச்.1 மரபணு மாறியிருந்தால் ஐவோசிடெனிப், ஐ.டி.எச்.2 என்றால் எனாசிடெனிப். இரண்டும் மாத்திரை, அதே நீர்க்கோப்பு இவற்றிலும் வரும், சில சமயம் மாதங்கள் கழித்துக்கூட. பழைய ரிப்போர்ட் போதாது, தம்பி. நோய் திரும்பும்போது மரபணுவும் மாறியிருக்கலாம், புதிதாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.